விசேஷ வீட்டில் மனம் உடையும்போது: பத்திரிகை வந்த நாள் முதல் வீடு திரும்பும் வரை

மூன்றாம் மாதத்தில் எனக்குக் கரு கலைந்தது. அதற்கு ஏழாவது வாரம் என் நாத்தனாருக்கு வளைகாப்பு. "போகாம இருந்தா நல்லா இருக்காது" என்று வீட்டில் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். பட்டுப்புடவை கட்டி, தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு போனேன். முக்கால் மணி நேரம் நன்றாகத்தான் இருந்தேன். பிறகு உறவில் பெரியம்மா முறை வரும் ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்து இரண்டு பச்சைக் கண்ணாடி வளையலை மாட்டிவிட்டு, "அடுத்தது உனக்குத்தான்டி" என்றார். ஆசையாகத்தான் சொன்னார். அந்த இரண்டு வளையலும் ஒன்றோடொன்று இடித்துக் கலகலத்ததும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. விரல் நுனியெல்லாம் மரத்தது. நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

எழுந்து சமையல் கட்டு வழியாகப் பின்பக்கம் போனேன். அண்டா தேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா என்னை ஏறிட்டுப் பார்த்தார். என்ன, ஏது என்று எதுவும் கேட்கவில்லை. குழாயைத் திறந்து ஒரு சொம்பு தண்ணீர் பிடித்துக் கொடுத்து, "முகத்தைக் கழுவும்மா" என்றார். கழுவினேன். மூன்று முறை, நான்கு முறை. மூச்சு மெல்ல மெல்லத் தன் இடத்துக்கு வந்தது.

அந்த அம்மா செய்தது எவ்வளவு சரியான வைத்தியம் என்று பின்னால் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றையெல்லாம் இங்கே எழுதுகிறேன். குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள், வேலை போனவர்கள், விவாகரத்து ஆனவர்கள், வீட்டில் சாவு விழுந்து வருஷம் திரும்பாதவர்கள், கூட்டத்தைக் கண்டாலே கை வியர்த்துப்போகிறவர்கள் எல்லோருக்கும் இதில் ஏதாவது ஒன்றாவது பயன்படும் என்று நம்புகிறேன்.

பத்திரிகை கைக்கு வந்ததும்

முதல் கேள்வி, போவதா வேண்டாமா. இதை மாமியாரோ அம்மாவோ முடிவு செய்வதற்கு முன்னால் நீங்கள் தனியாக உட்கார்ந்து யோசியுங்கள். உங்களுக்கு வருவது துக்கமா, பயமா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

புதிய துக்கம் என்றால் போகாமல் இருப்பது தப்பே இல்லை. சாவு வீட்டுக்காரர்கள் ஒரு வருஷம் விசேஷங்களுக்குப் போகமாட்டார்கள் என்று நம் பல குடும்பங்களில் வழக்கம் இருக்கிறது. ஆறாத புண்ணை இடிக்கக் கூடாது என்கிற அக்கறையும் அந்த வழக்கத்துக்குள் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. கரு கலைந்ததற்கோ, பிரிவுக்கோ, தொழில் நொடித்ததற்கோ அப்படி ஒரு வழக்கத்தை யாரும் வைக்கவில்லை. அதனால் நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மொய்யை ஆள் மூலம் அனுப்பிவிட்டு, அடுத்த வாரம் ஒரு மாலை வீட்டுக்கே போய் பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்து வரலாம். முதல் நாள் மாலை வரவேற்புக்கு மட்டும் தலைகாட்டிவிட்டு முகூர்த்தத்தை விட்டுவிடலாம்.

பயம் என்றால் கதை வேறு. "எல்லோரும் என்னையே பார்ப்பார்கள், என்ன பேசுவது, கை நடுங்குவது தெரிந்துவிடுமோ" என்று வருஷக்கணக்காக ஒதுங்குபவர்களுக்கு, ஒவ்வொரு முறை போகாமல் விடும்போதும் அப்போதைக்கு நிம்மதி கிடைக்கும். அந்த நிம்மதியே பயத்துக்குத் தீனி. அடுத்த பத்திரிகை வரும்போது அது இன்னும் பெரிதாக வந்து நிற்கும். இவர்கள் போகத்தான் வேண்டும். ஆனால் சிறிது சிறிதாக. முதலில் தெருவில் நடக்கும் காதுகுத்துக்கு இருபது நிமிடம். அடுத்து ஒரு வரவேற்பு, மேடை ஏறாமல். அதற்கடுத்து ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவது. ஒரு படியில் நெஞ்சு பழகிய பிறகு அடுத்த படி.

முந்தைய நாள்

போவது என்று முடிவானதும், "நாளைக்கு நல்லா இருக்கணும் சாமி" என்று வேண்டிக்கொள்வதோடு விட்டுவிடாமல் நாலு காரியங்களை முடித்து வையுங்கள்.

எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்று நேரம் குறியுங்கள். "பார்க்கலாம், முடிஞ்சவரைக்கும்" என்பது வேண்டாம். எட்டரைக்குப் போய் பத்தே காலுக்குக் கிளம்புகிறேன் என்று முடிவு செய்துவிட்டால், நடுவில் மனம் கனக்கும்போது, "இன்னும் இருபது நிமிஷம்தானே" என்று சொல்லிக்கொள்ளலாம். முடிவு தெரிந்த கஷ்டத்தைத் தாங்குவது எளிது.

திரும்பும் வண்டி உங்கள் கையில் இருக்கட்டும். மாமாவின் காரில் ஏழு பேரோடு போனால், ஏழு பேரும் சாப்பிட்டு முடித்து தாம்பூலப் பை வாங்கும் வரை நீங்களும் மண்டபத்தில்தான் இருக்க வேண்டும். சொந்த ஸ்கூட்டியோ, பஸ் நேரமோ, ஆட்டோவோ, ஏதாவது ஒன்று. கிளம்ப முடியும் என்று தெரிந்தாலே பாதிப் படபடப்பு குறைந்துவிடும்.

கூட ஒரு ஆளுக்கு விஷயத்தைச் சொல்லி வையுங்கள். கணவரோ, தங்கையோ, ஒன்றுவிட்ட தம்பியோ. இருவருக்குள்ளும் ஒரு வாக்கியம் பேசிவைத்துக்கொள்ளுங்கள். எனக்கும் என் கணவருக்கும் அது, "மாத்திரை வண்டியிலேயே இருக்கு". நான் அதைச் சொன்னால் எந்தப் பேச்சில் இருந்தாலும் எழுந்து வருவார். என்ன ஆச்சு என்று அங்கே வைத்துக் கேட்கமாட்டார். ஏன் கேட்கக் கூடாது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள், அழுகையை அடக்கிக்கொண்டிருக்கிறவளிடம் "ஏம்மா, என்ன ஆச்சு?" என்று கனிவாகக் கேட்டால் அந்த நொடியே உடைந்துவிடும்.

வயிற்றைக் காயப்போடாதீர்கள். பந்தியில் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்று விடியற்காலையிலிருந்து வெறும் காபியில் ஓட்டுவோம். பசியும் காபியும் சேர்ந்தால் கை நடுக்கமும் நெஞ்சுப் படபடப்பும் தானாக வரும். மனம் அதைப் பயம் என்று எடுத்துக்கொள்ளும். இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

மண்டப வாசலில்

உள்ளே நுழைகிற நேரம்தான் பலருக்கும் கஷ்டம். முழு மண்டபமும் திரும்பிப் பார்ப்பதுபோல் இருக்கும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவரோடு இருந்தவர்களும் இதைச் சோதித்து 2000-இல் வெளியிட்டார்கள். போட்டுக்கொள்ளக் கூச்சப்படும் படியான ஒரு பாடகரின் படம் போட்ட பனியனை ஒரு மாணவருக்குப் போட்டுவிட்டு, மற்றவர்கள் இருக்கும் அறைக்குள் அனுப்பினார்கள். பாதிப் பேராவது பார்த்திருப்பார்கள் என்று போட்டவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தது நான்கில் ஒருவர் அளவுக்குத்தான். நம் கண்ணீரும் அப்படியே. உங்கள் கண் கலங்கியதை நீங்கள் ஊகிப்பதில் பாதிப் பேர்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

பன்னீர் தெளிக்கும் இடத்தில் அவசரப்படாமல் ஒரு நிமிடம் நில்லுங்கள். சந்தனம் எடுத்துக்கொள்ளுங்கள், கல்கண்டைக் கடிக்காமல் நாக்கில் கரைய விடுங்கள். உட்கார இடம் பார்க்கும்போது வரிசையின் ஓரத்தில், பக்கவாட்டுக் கதவுக்குப் பக்கம் பாருங்கள். கழிப்பறையும் கை கழுவும் இடமும் எங்கே என்று முதலிலேயே கண்ணால் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி வரும்போது

"விசேஷம் ஏதாவது உண்டா?" "எப்போ கல்யாணச் சாப்பாடு போடப்போறே?" "தம்பிக்கு இப்ப எங்க வேலை?" "அவரு வரலியா?" இவையெல்லாம் வரும். வரக் கூடாது என்று ஆசைப்படுவதைவிடப் பதிலைத் தயார் செய்வது மேல். அங்கே போய் யோசித்தால் நாக்கு புரளாது. வீட்டிலேயே கண்ணாடி முன்னால் நின்று, வாய்விட்டு, ஐந்தாறு முறை சொல்லிப் பழகுங்கள்.

நான் வைத்திருப்பது மூன்று வகை. பாசத்தில் கேட்கும் பெரியவர்களுக்கு, ஒரு வரி பதிலும் உடனே அவர்களைப் பற்றி ஒரு கேள்வியும்: "வந்தா உங்களுக்குச் சொல்லாம இருப்பேனா அத்தை? உங்க முட்டி வலி இப்ப எப்படி இருக்கு?" முட்டி வலியைப் பற்றிப் பேச யாருக்கும் கசக்காது. அந்தப் பேச்சு கால் மணி நேரம் ஓடும், அவர்களுக்கும் ஆறுதல்.

விடாமல் தோண்டுகிறவர்களுக்கு, சிரிப்பைக் குறைத்துக்கொண்டு: "அதைப் பத்தி இன்னிக்குப் பேச வேண்டாம் சித்தி." அவ்வளவுதான். காரணம் சொல்லாதீர்கள். காரணம் சொன்னால் அந்தக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த கேள்வி வரும். மறுபடி கேட்டால் அதே வாக்கியத்தை அதே குரலில் சொல்லுங்கள். இரண்டாம் முறைக்கு மேல் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

வைத்தியம் சொல்கிறவர்கள், ஜோசியர் பெயர் சொல்கிறவர்கள், "நீ அப்பவே இப்படிப் பண்ணியிருக்கணும்" என்பவர்களுக்கு: "சரிங்க. நான் அம்மாவைப் பார்த்துட்டு வந்துடறேன்." எழுந்துவிடுங்கள். பதில் சொல்லி ஜெயிக்க வேண்டிய இடமில்லை அது.

வயதில் ஒத்தவர்களிடம் உண்மையையே சொல்லலாம். "அத விடு மச்சான், இப்ப நேரம் சரியில்ல" என்றால் புரிந்துகொள்கிறவன் புரிந்துகொள்வான்.

அலை எழும்போது

எல்லாம் செய்தும் வரும். ஒரு பாட்டு, ஒரு குழந்தை, ஒரு வளையல் சத்தம் போதும். இந்த இடத்தைத்தான் நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன்.

முதலில், அடக்கிப் புதைக்காதீர்கள். ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1990-களில் செய்த சோதனைகளில், சோகக் காட்சி பார்க்கும்போது முகத்தில் எதுவும் காட்டக் கூடாது என்று சொல்லப்பட்டவர்களுக்குச் சோகம் குறையவில்லை. ரத்த ஓட்டத்திலும் வியர்வையிலும் உடலின் பதற்றம் கூடுதலாகத் தெரிந்தது. சிரித்த முகத்தோடு நான் கழித்த அந்த முக்கால் மணி நேரம் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தது என்று அதைப் படித்தபோது புரிந்தது.

அடக்குவதற்குப் பதிலாகப் பெயர் சொல்லுங்கள். மனசுக்குள்தான். "இது பொறாமை இல்லை. என் குழந்தையை நினைத்து வரும் துக்கம்." "எனக்கு இப்போது அவமானமாக இருக்கிறது." உணர்ச்சிக்குச் சரியான பெயரை வைக்கும்போது மூளையில் அபாய மணி அடிக்கும் பகுதி சற்று அடங்குவதாக உளவியலாளர் மேத்யூ லீபர்மேனின் குழு 2007-இல் வெளியிட்ட மூளைப் படங்களில் காணப்பட்டது. சும்மா "ஒரு மாதிரி இருக்கு" என்று விட்டுவிடுவதைவிடத் துல்லியமான ஒரு சொல்லைத் தேடிப்பாருங்கள்.

அடுத்தது மூச்சு. ஆழமாக மூச்சை இழு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். படபடப்பில் இருப்பவர் அடுத்தடுத்து வேகமாக ஆழ இழுத்தால் தலை கிறுகிறுக்கும், விரல் இன்னும் மரத்துப்போகும். கவனம் வெளிமூச்சில் இருக்கட்டும். நான்கு எண்ணும் வரை மூக்கால் இழுத்து, ஆறோ எட்டோ எண்ணும் வரை, ஆறிய காபியின் ஏட்டை ஊதி ஒதுக்குவதுபோல் உதட்டைக் குவித்து விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் வேகஸ் என்ற நரம்பு இதயத்தை மெதுவாக்கும். பத்து முறை. பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது.

பிறகு புலன்களை மண்டபத்துக்குத் திருப்புங்கள். மனம் பழைய ஆஸ்பத்திரி அறையிலோ பழைய சண்டையிலோ போய் நிற்கும்போது, அதை இங்கே இழுத்துவர நம் விசேஷ வீட்டைப்போல் வசதியான இடம் இல்லை. நெற்றிச் சந்தனத்தின் குளிர்ச்சி. பக்கத்துத் தலையின் மல்லிகை வாசம். உள்ளங்கையில் அட்சதை, மஞ்சள் பூசிய அரிசியின் சொரசொரப்பு; அதை விரலால் ஒவ்வொன்றாக எண்ணுங்கள். நாதஸ்வரத்தை விட்டுவிட்டுத் தவில் மட்டும் எங்கே அடிக்கிறது என்று கேளுங்கள். செருப்பில்லாத காலைத் தரையில் அழுத்தி அதன் சில்லிப்பை உணருங்கள். கூட்டத்துக்கு அஞ்சுகிறவர்களுக்கு இதில் இன்னொரு பலனும் உண்டு. டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற உளவியலாளர்கள் இருவரும் 1995-இல் விளக்கியபடி, சமூகப் பயத்தை வளர்ப்பவற்றில் முக்கியமானது கவனம் முழுவதும் தன்மேலேயே திரும்பி நிற்பது: என் குரல் நடுங்குகிறதா, என் முகம் சிவக்கிறதா என்று. கண்ணும் காதும் வெளியே போனால் அதன் பிடி தளரும். கையில் போனை வைத்து வைத்துத் தேய்ப்பதும், தூணுக்குப் பின்னால் நிற்பதும் காப்பாற்றுவதுபோல் இருக்கும், ஆனால் அவையும் பயத்தை வளர்ப்பவைதான்.

இதற்கும் அடங்காவிட்டால் தண்ணீர். கை கழுவும் இடத்துக்குப் போய், மூச்சைச் சற்றே பிடித்துக்கொண்டு, கண்ணைச் சுற்றியும் கன்னத்திலும் குளிர்ந்த நீரை அடித்துக் கழுவுங்கள். நீரில் மூழ்கும்போது இதயத் துடிப்பைக் குறைத்துக்கொள்ளும் ஒரு அனிச்சைச் செயல் நம் உடம்பில் இருக்கிறது. முகத்தில் படும் குளிர்ச்சி அதைத் தூண்டும். மனநல மருத்துவத்தில் மார்ஷா லினஹன் உருவாக்கிய சிகிச்சை முறையில் இதைக் கற்றே தருகிறார்கள். அண்டா தேய்த்த அந்த அம்மாவுக்கு யார் கற்றுத் தந்தார்களோ தெரியாது. இதய நோய் உள்ளவர்கள் ஐஸ் தண்ணீரெல்லாம் வேண்டாம், சாதாரணக் குழாய்த் தண்ணீரே போதும்.

உச்சத்தில் "செத்துவிடுவேனோ" என்றுகூடத் தோன்றும். இந்தத் திடீர்ப் பீதி பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு இறங்கத் தொடங்கும். அதை மட்டும் மனத்தில் வையுங்கள். ஆனால் நெஞ்சு வலி அழுத்தமாக இருந்து, தோளுக்கோ தாடைக்கோ இடது கைக்கோ பரவி, வியர்த்துக் கொட்டினால் மனசுதான் என்று உட்கார்ந்துவிடாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

அழுகை வந்தே தீரும் என்றால் அழுதுவிடுங்கள். நான் கண்டுகொண்ட ஒன்று: கெட்டிமேளம் கொட்டும் அந்த ஒரு நிமிடம் மண்டபத்தில் எல்லாக் கண்ணும் தாலி மேலேயே இருக்கும். பாதிப் பெண்களுக்கு அப்போது கண்ணும் கலங்கியிருக்கும். யாரும் யாரையும் ஏன் என்று கேட்பதில்லை.

கிளம்புவது

குறித்த நேரம் வந்ததும் எழுந்துவிடுங்கள். "போயிட்டு வரேன்" என்று ஐம்பது பேரிடம் சொல்ல வேண்டியதில்லை. அழைத்தவர் ஒருவரிடம், முடிந்தால் மேடையில் மணமக்களிடம். "சாப்பிடாம போறியே" என்பார்கள். "மனசு நிறைஞ்சிருச்சு பெரியப்பா, வீட்டுக்கு ஒரு நாள் வரேன்" என்றால் போதும். நடுவிலேயே முடியாமல் போனால் நடுவிலேயே போகலாம். மறுநாள் போனில் பேசிக்கொள்ளலாம்.

அன்று இரவு

படுத்ததும் மனம் நாள் முழுவதையும் ஓட்டிப் பார்க்கும். அவர் ஏன் அப்படிப் பார்த்தார், நான் ஏன் அதைச் சொன்னேன் என்று. விடிய விடிய இது நடந்தால் அடுத்த விசேஷத்துக்கு இன்றே பயம் பிடித்துவிடும். புடவையை மாற்றி, தலைக்கு ஊற்றிக்கொண்டு, ரசம் சாதமாவது சாப்பிடுங்கள். பிறகு ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் கண்ணால் பார்த்தது காதால் கேட்டது மட்டும், அந்தப் பக்கம் நானாக நினைத்துக்கொண்டது. "சித்தி பதில் சொல்லாமல் எழுந்து போனாள்" என்பது இந்தப் பக்கம். "என்னை வெறுக்கிறாள்" என்பது அந்தப் பக்கம். எழுதி முடித்துப் பார்த்தால், என் தாளில் எப்போதும் அந்தப் பக்கம்தான் நிரம்பியிருக்கும்.

துக்கத்தை ஆற்ற மதுவைத் தொடாதீர்கள். மறுநாள் காலையில் படபடப்பு இரட்டிப்பாக வரும்.

தனியாகச் சமாளிக்க முடியாதபோது

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ, ஆறு மாதத்துக்கு மேலாகக் கூட்டத்துக்குப் பயந்து படிப்பையும் வேலையையும் விட்டுக்கொண்டிருந்தாலோ, மேலே சொன்ன யோசனைகள் மட்டும் போதாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிகள் பிரிவு இருக்கிறது. பேசிப் பேசியே குணப்படுத்தும் சிகிச்சையும் உண்டு, தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு. தைராய்டு, ரத்தசோகை இரண்டும்கூட இதே படபடப்பைத் தரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416. ஒன்றிய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் இது. இருபத்துநாலு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் ஒரு முறை தலைகாட்டினாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நேரத்திலேயே அழையுங்கள், பக்கத்தில் ஒரு ஆளை எழுப்பி உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

விசேஷம் வைப்பவர்களுக்கு

உங்கள் வீட்டு விசேஷத்துக்கு இப்படி ஒருத்தி வருவாள் என்று தெரிந்தால், அவளை மேடைக்கு இழுக்காதீர்கள். முன்னால் வந்து நலங்கு வை, வளையல் போடு என்று ஊரறியக் கூப்பிடாதீர்கள். ராசியில்லாதவள் என்று ஒதுக்கியும் வைக்காதீர்கள். தனியாக, முன்னாலேயே, "உனக்கு எப்படி வசதி?" என்று கேளுங்கள். பின்பக்கம் ஓய்வெடுக்க ஒரு அறையைக் காட்டி வையுங்கள்.

என் நாத்தனாருக்கு அன்று நடந்தது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது. குழந்தைக்குப் பெயர் வைக்கும் விழாவுக்குப் பத்திரிகை எடுத்துக்கொண்டு அவளே வீட்டுக்கு வந்தாள். காபி குடித்து முடிக்கும் வரை அதைக் கொடுக்கவில்லை. கிளம்பும்போது மேஜைமேல் வைத்துவிட்டு, "வந்தா சந்தோஷம் அண்ணி. வரலைன்னா ஒரு நாள் நானே பாப்பாவைத் தூக்கிட்டு இங்க வரேன்" என்றாள். நான் போனேன். ஒரு மணி நேரம் இருந்தேன். பின்கதவுக்குப் பக்கத்து நாற்காலியை எனக்கென்று போட்டு வைத்திருந்தாள்.